முதல் சின்ன செயற்கைக்கோள் செய்யும் குழுவுக்கு: தரம், பாதுகாப்பு, ரிஸ்க் வேலையை எங்கே தொடங்குவது?

நோவா-என் பிரைம் என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் விண்வெளிக்குப் போகும் முன்பே தொழிற்கூடத் தரையில் விழுந்து நொறுங்கியது. 2003 செப்டம்பர் 6 அன்று, கலிஃபோர்னியாவின் சன்னிவேலில், நிமிர்ந்து நின்ற அதைப் படுக்கை நிலைக்குச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். தாங்கும் வண்டியோடு அதைப் பிணைக்க வேண்டிய 24 போல்ட்டுகள் இல்லை. வேறொரு திட்டத்தின் வேலைக்காக அவற்றைக் கழற்றியிருந்தார்கள், கழற்றியதை எங்கும் எழுதவில்லை. அன்று பொறுப்பில் இருந்தவர்களும் பழைய தாளில் இருந்த பதிவை நம்பி, கண்ணால் பார்க்காமல் அடுத்த படிக்குப் போய்விட்டார்கள். பழுதுபார்க்க 13.5 கோடி டாலர் ஆனது.

கல்லூரிக் குழுவோ, புதிய ஸ்டார்ட்அப்போ, முதல் செயற்கைக்கோளைத் தொடங்குகிறவர்கள் கதிர்வீச்சையும் விண்கல்லையும் நினைத்துத்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை தப்பில்லை. ஆனால் விண்வெளி விபத்து அறிக்கைகளைத் தொடர்ந்து படித்தால், போல்ட், கேபிள், அலகு, சான்றிதழ், எழுதாமல் விட்ட ஒரு வரி என்று சாதாரண இடங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. சிறு குழுவுக்கு இது நல்ல செய்தி என்று நினைக்கிறேன், ஏனென்றால் இவற்றைச் சரிசெய்யப் பெரிய பணம் வேண்டாம். இந்தியாவில் 1 முதல் 20 கிலோ வரையிலான செயற்கைக்கோளைச் செய்யப்போகும் பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுவை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: எதை இழக்கலாம் என்று எழுதுங்கள்

வரைபடத்தைத் தொடும் முன்பு ஒரு பக்கம் எழுதுங்கள். குறைந்தபட்ச வெற்றி எது, முழு வெற்றி எது? உதாரணமாக, "சுற்றுப்பாதையில் உயிரோடு இருந்து 30 நாள் டெலிமெட்ரி (தன் நிலையைச் சொல்லும் தரவு) அனுப்பினால் குறைந்தபட்ச வெற்றி. கேமரா 50 படங்கள் எடுத்தால் முழு வெற்றி." இந்தப் பக்கம் இல்லாவிட்டால் எல்லாப் பாகமும் சம முக்கியமாகிவிடும். அப்புறம் கேமராவுக்கு ஆறு மாதமும் பேட்டரிக்கு ஒரு வாரமும் போகும்.

நாசா தன் பணிகளை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிக்கிறது. 'ஏ' வகையில் தோல்விக்கு இடமே தரக்கூடாது, 'டி' வகையில் ரிஸ்க் அதிகம் இருந்தாலும் தெரிந்தே ஏற்கலாம். நீங்கள் 'டி'யில், சில நேரம் அதற்கும் கீழே இருப்பீர்கள். பெரிய அமைப்பின் தர விதிகளை அப்படியே நகலெடுத்தால் தாள் வேலையிலேயே குழு களைத்துப்போகும். விதிகளே வேண்டாம் என்று விட்டால் செயற்கைக்கோளையே இழப்பீர்கள். எந்த விதியை எடுத்துக்கொள்கிறீர்கள், எதை விடுகிறீர்கள், விட்டால் என்ன ஆகலாம் என்பதை அந்தப் பக்கத்தின் பின்புறத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்திடுங்கள்.

உங்கள் கையில் இல்லாத ரிஸ்கும் உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய, இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில், சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியாவின் வழிகாட்டலில் அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் பங்களித்த ஆசாதிசாட் என்ற செயற்கைக்கோள் இருந்தது. ராக்கெட் 356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் பதிலாக, பூமிக்கு 76 கிலோமீட்டர் வரை நெருங்கும் நீள்வட்டத்தில் விட்டுவிட்டது. செயற்கைக்கோள் நிலைக்கவில்லை. ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, ஆசாதிசாட்-2 அடுத்த எஸ்.எஸ்.எல்.வி.யில் சுற்றுப்பாதையை அடைந்தது. வரைபடம், மென்பொருள், உதிரிப் பாகம், அனுபவப்பட்ட ஆட்கள் எல்லாம் கையில் இருந்தால்தான் இப்படி மீண்டும் செய்ய முடியும். முதல் நாளிலிருந்தே இரண்டாவது ஒன்றைச் செய்வதற்கான வழியை மூடாமல் வைத்திருங்கள்.

முழு செயற்கைக்கோள் இப்போதைக்கு அதிகம் என்று தோன்றினால், பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் நிலையையே சோதனை மேடையாக்கும் போயம் தளத்தில் உங்கள் கருவியை மட்டும் அனுப்பலாம். மின்சாரத்தையும் திசைக் கட்டுப்பாட்டையும் தளமே பார்த்துக்கொள்ளும். முதல் முறைக்கு இது நல்ல வழி என்பது என் கருத்து.

இரண்டாம் படி: "நிறுத்து" என்று சொல்ல ஒருவர்

1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தின் திட எரிபொருள் மோட்டாரைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், இவ்வளவு குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய மேலாளர்களே அந்த முடிவை மாற்றினார்கள். மறுநாள் கிளம்பிய 73ஆம் விநாடியில் விண்கலம் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள். தகவல் இருந்தது. தகவல் தெரிந்தவர்களிடம் நிறுத்தும் அதிகாரம் இல்லை.

உங்கள் குழுவில் தரத்துக்கென்று ஒருவரை வையுங்கள். அவர் திட்டத் தலைவரின் கீழ் இருக்கக்கூடாது. பேராசிரியரிடமோ நிறுவனரிடமோ நேரடியாகப் பேசும் உரிமை அவருக்கு வேண்டும். முழுநேர ஆள் கிடைக்காவிட்டால் மாற்றிப் பாருங்கள்: மின்சுற்றுக் குழுவின் வேலையை இயந்திரவியல் குழு சரிபார்க்கட்டும், அவர்களுடையதை இவர்கள் பார்க்கட்டும். தான் செய்ததைத் தானே சரிபார்த்துக் கையெழுத்திடுவது மட்டும் கூடாது. இந்த ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது திறமையைவிட, சங்கடப்படாமல் "இல்லை" என்று சொல்லக்கூடியவரா என்று பாருங்கள். நம் ஊரில் ஜூனியர் மாணவர் சீனியரிடம் "அண்ணா, இது சரியில்லை" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த உரிமையை எழுத்தில் கொடுங்கள்.

மூன்றாம் படி: ரிஸ்க் பட்டியல்

ஒரு எக்செல் தாள் போதும். "ஆன்டெனா பிரச்சினை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "ஆன்டெனாவைக் கட்டிவைத்த நூலை உருக்கும் கம்பி, பேட்டரி குளிர்ந்திருக்கும்போது போதிய சூடு தராமல் போகலாம். அப்படியானால் ஆன்டெனா விரியாது, தொடர்பே கிடைக்காது." காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும். பக்கத்தில் நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5. பொறுப்பாளர் பெயரும் தேதியும் கட்டாயம். தேதி இல்லாத வரி வெறும் கவலை.

இரண்டு எண்களையும் பெருக்கி வரும் மதிப்பை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தாதீர்கள். வாய்ப்பு 1, பாதிப்பு 5 என்றால் பெருக்கல் 5தான், ஆனால் அது மனித உயிர் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். பாதிப்பு 5 உள்ள எல்லா வரிகளையும் தனியாக எடுத்து, "இது ஒன்று மட்டும் கெட்டால் எல்லாம் போய்விடுமா?" என்று கேளுங்கள். சின்ன செயற்கைக்கோளில் பெரும்பாலும் ஆன்டெனா விரிவது, பேட்டரி, ரேடியோ, கணினி தானாக மறுபடி கிளம்புவது ஆகிய நான்கும் அங்கே வந்து நிற்கும். சோதனை நேரத்தில் பெரும்பகுதியை இவற்றுக்கே ஒதுக்குங்கள்.

அலைவரிசை அனுமதியையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். எல்லாம் தயாராகியும் ரேடியோ உரிமம் வராததால் காத்திருக்க வேண்டி வரலாம்.

நான்காம் படி: பாகங்கள் வாங்குவது

நாசாவின் ஓ.சி.ஓ. (2009), குளோரி (2011) என்ற இரு செயற்கைக்கோள்களும் ஒரே காரணத்தால் போயின: டாரஸ் எக்ஸ்.எல். ராக்கெட்டின் நுனியில் செயற்கைக்கோளை மூடியிருக்கும் மூக்குக் கூடு பிரியவில்லை. 2019இல் வெளிவந்த விசாரணை முடிவு, கூட்டைப் பிரிக்கும் அமைப்பில் பயன்பட்ட அலுமினியத்துக்கான சோதனைச் சான்றிதழ்களைத் தயாரிப்பாளர் பல ஆண்டுகளாகப் பொய்யாகக் கொடுத்துவந்ததைக் காட்டியது. இழப்பு 70 கோடி டாலருக்கு மேல்.

2015 ஜூன் 28 அன்று ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 வெடித்ததும் ஒரு சின்னப் பாகத்தால்தான். ஹீலியம் தொட்டியைப் பிடித்திருந்த தாங்கி, தாங்க வேண்டிய பளுவில் ஐந்தில் ஒரு பங்கிலேயே முறிந்தது என்று நிறுவனம் சொன்னது. நாசாவின் தனி ஆய்வு இன்னும் ஒரு படி போய், தொழிற்துறைத் தரப் பாகத்தைக் கூடுதல் சோதனை இல்லாமலும், தயாரிப்பாளர் சொன்ன பாதுகாப்பு விகிதத்தைப் பின்பற்றாமலும் பயன்படுத்திய வடிவமைப்பு முடிவைக் குறை சொன்னது.

கடையில் கிடைக்கும் சாதாரணப் பாகத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லவில்லை. அது இல்லாமல் உங்கள் பட்ஜெட்டில் செயற்கைக்கோளே கிடையாது. அதை வாங்கும் முறைதான் முக்கியம். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள். ஒரே லாட்டில் (ஒன்றாகத் தயாரான தொகுதியில்) தேவைக்கு மேல் வாங்கி, லாட் எண்ணைப் பதியுங்கள். சிலவற்றை உடையும்வரை சோதியுங்கள். பேட்டரி செல்கள் ஒவ்வொன்றையும் பலமுறை சார்ஜ் ஏற்றி இறக்கி, நடத்தை ஒத்துப்போகும் செல்களை மட்டும் சேருங்கள். கதிர்வீச்சுத் துகள் பட்டு சிப் திடீரென்று அதிக மின்சாரம் இழுத்து எரிந்துபோகாமலிருக்க, மின்சாரத்தை உடனே துண்டித்து மறுபடி கொடுக்கும் சுற்று வையுங்கள். விலை குறைவு, பலன் மிகப் பெரிது. பிளாஸ்டிக், பசை, டேப் விஷயத்தில் வெற்றிடத்தில் வாயு கக்குவதைப் பாருங்கள். மொத்த நிறை இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும், வேறு பரப்பில் படிவது 0.1 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை.

ஐந்தாம் படி: கட்டும்போது

2020 நவம்பரில் ஐரோப்பாவின் வேகா ராக்கெட் இரண்டு செயற்கைக்கோள்களோடு தொலைந்தது. கடைசி நிலையில் எஞ்சினைத் திருப்பும் அமைப்புக்குப் போகும் கேபிள்களை மாற்றிச் செருகியிருந்தார்கள். 2013 ஜூலையில் ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட் கிளம்பியவுடன் தலைகுப்புறத் திரும்பி விழுந்தது. சுழலும் வேகத்தை அளக்கும் உணரிகளைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். இரண்டிலும் வேலை செய்தவரைத் திட்டுவது சுலபம். தப்பாகச் செருக முடிகிற கனெக்டரை வடிவமைத்ததையே நான் முதல் தவறு என்பேன். பக்கத்துப் பக்கத்துக் கனெக்டர்களுக்கு வேறு வேறு ஊசி (பின்) எண்ணிக்கை, வேறு நீளக் கேபிள் என்று வைத்தால் தப்பாகச் செருகவே முடியாது.

கட்டும் மேசையில் பக்க எண் போட்ட, தாள் கிழிக்க முடியாத ஒரு லாக்புக் எப்போதும் இருக்கட்டும். எந்த போல்ட், எவ்வளவு முறுக்கு, யார் போட்டது, யார் பார்த்தது என்று வேலை நடக்கும்போதே எழுதுங்கள், மாலையில் நினைவிலிருந்து வேண்டாம். மூடப்போகும் ஒவ்வொரு பகுதியையும் மூடும் முன் படம் எடுங்கள். கழற்றியது, மாற்றியது, கீழே விழுந்தது எல்லாம் அதே புத்தகத்தில் வரட்டும். கனெக்டரை எத்தனை முறை செருகி எடுத்தீர்கள் என்பதையும் குறியுங்கள், அதற்கும் ஆயுள் உண்டு. உடலின் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் பட்டை மணிக்கட்டில் இல்லாமல் யாரும் போர்டைத் தொடக்கூடாது, பார்க்க வரும் விருந்தினர் உட்பட.

ஏதாவது வரைபடத்துக்கு ஒத்துவராவிட்டால் அங்கேயே நிறுத்தி, ஒரு பக்க மீறல் அறிக்கை எழுதுங்கள். அப்படியே பயன்படுத்துவதா, திருத்துவதா, தூக்கிப்போடுவதா என்று குறைந்தது இருவர் முடிவெடுக்கட்டும். அறிக்கை எழுதியவரைப் பாராட்டுங்கள். ஒரு தடவை திட்டினால் அடுத்த அறிக்கை வராது.

அலகுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1999 செப்டம்பரில் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்ததற்குக் காரணம், தரைக் கணினியின் ஒரு கோப்பு பவுண்டு-விசை அலகில் எண் கொடுக்க, அடுத்த நிரல் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதுதான். இரண்டு பேர் எழுதும் நிரல்கள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் அலகையும் அச்சின் திசையையும் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சோதனை

நேரம் குறைந்தால் எல்லோரும் முதலில் வெட்டுவது இதைத்தான். வேறு எதை வேண்டுமானாலும் குறையுங்கள், ஒரு கருவியையே விட்டுவிடுங்கள், இதில் கை வைக்காதீர்கள்.

பறக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே சோதியுங்கள். 1996 ஜூன் 4 அன்று முதல் ஏரியான் 5 கிளம்பி 40 விநாடிக்குள் அழிந்தது. ஏரியான் 4இல் நன்றாக ஓடிய திசையறி மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம், அந்த எண் மென்பொருளில் அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. புதிய பாதையின் எண்களைக் கொடுத்து அந்தக் கருவியை ஓட்டிப் பார்த்திருந்தால் தரையிலேயே தெரிந்திருக்கும். "போன தடவை வேலை செய்தது" என்ற வாக்கியம் கூட்டத்தில் வந்தால், போன தடவைக்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று உடனே பட்டியல் போடுங்கள்.

தரைச் சோதனைக்கு எல்லை உண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2008 ஆகஸ்டில் ஃபால்கன் 1இன் மூன்றாவது முயற்சியில், அணைந்த பிறகும் எஞ்சினில் கொஞ்சம் உந்துவிசை மிச்சம் இருந்ததால், பிரிந்த கீழ்நிலை மேலேறி மேல்நிலையில் முட்டியது. தரையில் காற்றழுத்தம் அந்த மிச்ச அழுத்தத்தைவிட அதிகம் என்பதால், சோதனைகளில் அது தென்படவே இல்லை. அடுத்த முறை பிரியும் முன் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினார்கள். 2008 செப்டம்பர் 28 அன்று அது வெற்றி பெற்றது. ஒரு தோல்விக்குப் பிறகு பத்து விஷயங்களை மாற்ற ஆசை வரும். காரணம் தெளிவாகத் தெரிந்தால் அதை மட்டும் மாற்றுங்கள்.

சின்ன செயற்கைக்கோளுக்கு வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் உபகரணங்களை மேசையில் விரித்து, கேபிளால் இணைத்து, வாரக்கணக்கில் தொடர்ந்து ஓடவிடுங்கள். நினைவகம் நிரம்புவது, கடிகாரம் நழுவுவது போன்றவை ஒரு மணி நேரச் சோதனையில் வராது. பிறகு கட்டி முடித்து அதிர்வு மேசை. ஏவும் நிறுவனம் தரும் ஆவணத்தில் உள்ள அளவுதான் கணக்கு, இணையத்தில் கிடைக்கும் அளவு வேண்டாம். முழு அதிர்வுக்கு முன்னும் பின்னும் மெல்லிய அதிர்வு ஒன்று கொடுத்து, அதிர்வெண் வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். உச்சம் நகர்ந்திருந்தால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. வெளியே ஒரு கீறல் தெரியாவிட்டாலும் திறந்து பாருங்கள்.

அப்புறம், விண்வெளியின் வெற்றிடத்தையும் வெப்பத்தையும் குளிரையும் உண்டாக்கும் வெப்ப வெற்றிட அறை. மிகக் குளிர்ந்த நிலையில் கணினி கிளம்புகிறதா, ஆன்டெனா விரிகிறதா என்று பார்ப்பதுதான் இதில் முக்கியம். தனியார் விண்வெளி வேலைக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்ஸ்பேஸ், அகமதாபாத்தின் போபல் பகுதியில் வைத்திருக்கும் தொழில்நுட்ப மையத்தில் அதிர்வு, வெப்ப வெற்றிடச் சோதனை வசதிகள் உண்டு. முன்பதிவை மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

கடைசியாக, செயற்கைக்கோளை வளாகத்தின் ஒரு மூலையில் வைத்து, கேபிள் எதுவும் இல்லாமல், உண்மையான தரைநிலையத்திலிருந்து ரேடியோ வழியாக மட்டும் ஒரு முழு நாள் இயக்குங்கள். நடுவில் வேண்டுமென்றே பேட்டரியை வடியவிட்டு, தானாக எழுகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனைகள் முடிந்தபின் "சின்ன" மென்பொருள் திருத்தம் ஒன்று செய்தாலும், அது தொடும் சோதனைகளை மறுபடி செய்ய வேண்டும்.

தரைநிலையமும் திட்டத்தின் பாகம்தான். ராக்கெட் லேப் நிறுவனத்தின் முதல் எலெக்ட்ரான் 2017 மே மாதம் விண்வெளியைத் தொட்டது. ராக்கெட்டில் கோளாறு இல்லை. வெளி ஒப்பந்ததாரரின் தரைக் கருவியில் ஓர் அமைப்பு தவறாக இருந்ததால் தரவு வருவது நின்றது. பாதுகாப்பு விதிப்படி பறப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஏழாம் படி: ஆட்களின் பாதுகாப்பு

செயற்கைக்கோளை இழந்தால் இன்னொன்று செய்யலாம், உயிரை இழந்தால் முடியாது. 2003 ஆகஸ்ட் 22 அன்று பிரேசிலின் அல்காந்தரா ஏவுதளத்தில், ஏவுவதற்குச் சில நாட்கள் முன்பு, வி.எல்.எஸ். ராக்கெட்டின் ஒரு மோட்டார் தானாகப் பற்றிக்கொண்டது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த 21 பேர் இறந்தார்கள். 2007 ஜூலையில் அமெரிக்காவின் மொஹாவேயில், எஞ்சினைப் பற்றவைக்காமல் நைட்ரஸ் ஆக்சைடை மட்டும் ஓடவிட்ட சோதனையில் வெடிப்பு ஏற்பட்டு மூன்று பேர் இறந்தார்கள். நெருப்பே இல்லாத சோதனை என்ற எண்ணத்தில் ஆட்கள் அருகில் நின்றுவிடும் ஆபத்து எந்தக் குழுவுக்கும் உண்டு. அழுத்தத்தில் இருக்கும் எதன் பக்கத்திலும், தேவையில்லாத ஒருவர்கூட நிற்கக்கூடாது. படம் எடுப்பவருக்கும் இதே விதிதான்.

உங்களிடம் உந்துஎரிபொருள் இல்லாவிட்டாலும் லித்தியம் பேட்டரி இருக்கும். சார்ஜ் ஏறும்போது ஆள் இல்லாமல் விடாதீர்கள், தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பாருங்கள், வண்டியில் எடுத்துப்போகும் விதிகளை முன்பே படியுங்கள். ராக்கெட்டில் இருக்கும்போது உங்கள் செயற்கைக்கோள் முழுக்க அணைந்திருக்க வேண்டும். கியூப்சாட் எனப்படும் சின்னப் பெட்டி வடிவச் செயற்கைக்கோள்களுக்கான விதிப்படி, வெளியே விட்ட பிறகு 30 நிமிடம்வரை எதையும் விரிக்கக்கூடாது, 45 நிமிடம்வரை ரேடியோ பேசக்கூடாது. இந்தக் காத்திருப்பைக் கடிகாரம் வைத்துச் சோதித்து, ஆதாரத்தைக் கோப்பில் வையுங்கள். ஏவும் நிறுவனம் அதைக் கேட்கும்.

அனுமதியும் குப்பையும்

இந்தியாவில் தனியார் விண்வெளி வேலைக்கு அனுமதி தருவது இன்ஸ்பேஸ். அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. இரண்டையும் வடிவமைப்பு முடியும் முன்பே தொடங்குங்கள். செயலிழந்த செயற்கைக்கோள் எத்தனை வருடத்தில் வளிமண்டலத்தில் எரியும் என்ற கணக்கையும் காட்ட வேண்டும். 25 ஆண்டு என்பது பழைய சர்வதேச வழிகாட்டுதல். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2022இல் தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு அதை 5 ஆண்டாகக் குறைத்தது. இந்தியா 2030க்குள் குப்பையில்லா விண்வெளிப் பணிகள் என்று அறிவித்திருக்கிறது. குறைந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தானாகத் தீரும்.

கடைசிக் கூட்டமும் அதற்குப் பிறகும்

அனுப்பும் முன் ஒரு தயார்நிலைக் கூட்டம் வையுங்கள். குழுவுக்கு வெளியே இருந்து இரண்டு பேரையாவது அழையுங்கள். இன்னும் தீர்க்காத ஒவ்வொரு மீறல் அறிக்கையையும் வாசித்து, "இதோடு பறக்கலாம், ஏனென்றால்..." என்று ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுத முடியாவிட்டால் பறக்கக்கூடாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக 3டி முறையில் அச்சிட்ட எஞ்சினோடு தன் முதல் ராக்கெட்டை 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவியது. அதற்கு முந்தைய முயற்சிகள் நிறுத்தப்பட்டன. மே 28 அன்று புறப்படச் சில விநாடிகள் இருக்கும்போது நிறுத்தினார்கள். நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படி நிறுத்துவதற்குத் தைரியம் வேண்டும், எந்த எண் எல்லையைத் தாண்டினால் நிறுத்துவோம் என்று முன்பே எழுதிய தாளும் வேண்டும். உங்கள் அளவிலும் அந்தத் தாளைத் தயாராக வையுங்கள்.

மேலே போனபிறகு முதல் வாரத்தின் டெலிமெட்ரி முழுவதையும், அர்த்தம் புரியாத பகுதிகள் உட்பட, இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒவ்வொரு விசித்திரமான எண்ணுக்கும் லாக்புக்கில் ஒரு வரி போடுங்கள். பணி முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், எது கணித்தபடி நடந்தது, எது நடக்கவில்லை என்று ஓர் அறிக்கை எழுதி, ரிஸ்க் பட்டியலையும் மீறல் அறிக்கைகளையும் சேர்த்து, கல்லூரியிலோ நிறுவனத்திலோ அடுத்து வரும் குழு எடுத்துப் படிக்கும்படி வையுங்கள். மாணவர்கள் நான்கு வருடத்தில் போய்விடுவார்கள் என்பதால், கடைசி செமஸ்டருக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.